சித்திரையில் பார்க்கும் மனை கார்த்திகையில் எப்படி இருக்கும்?

மனை விற்கிறவர்கள் சித்திரை, வைகாசியில்தான் ஆட்களை அழைத்துப் போவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வேன் வரும். குடும்பத்தோடு ஏறிக்கொள்ளலாம். மதியம் பிரியாணி உண்டு. போய்ப் பார்த்தால் மண் காய்ந்து வெடித்துக் கிடக்கும். வெள்ளை அடித்த கற்கள் வரிசையாக நிற்கும். நுழைவாயிலில் வளைவு இருக்கும். வளைவில் ஏதாவது ஒரு ‘நகர்’ என்று பெயர் எழுதியிருக்கும். "ரெயில் நிலையம் பத்து நிமிடம். கடல் காற்றுக்குக் காசு இல்லை" என்பார் கூட வந்தவர்.

கார்த்திகையில் அதே இடத்துக்கு யாரும் வேன் விடுவதில்லை.

திருவள்ளூர் மாவட்டத்தின் கிழக்குப் பக்கம் இன்று வேலை கொடுக்கும் பூமி. கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. இரும்பு ஆலைகள் பல இருக்கின்றன. எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள். பக்கத்தில் அனல் மின் நிலையம். வேலைக்கு வந்தவர்கள் முதலில் வாடகைக்குக் குடியிருக்கிறார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வயது வந்ததும் சொந்த வீட்டு ஆசை வருகிறது. மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை, பழவேற்காடு என்று இடம் தேடுகிறார்கள். விலை குறைவாக இருக்கும் இடமே முதலில் கண்ணில் படுகிறது.

ஆசையில் தப்பு இல்லை. கணக்கைப் பார்க்க வேண்டும். 20 லட்ச ரூபாய் கடன் வாங்குகிறார் ஒரு தொழிலாளி என்று வைத்துக்கொள்ளலாம். நூற்றுக்கு எட்டரை வட்டி. 20 வருடத் தவணை. மாதம் 17 ஆயிரத்து 300 ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டும். கட்டி முடிக்கும்போது 41 லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்திருப்பார். 20 வருடம் என்றால் 20 ஐப்பசி, 20 கார்த்திகை. அதில் இரண்டு கார்த்திகையில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தால், கட்டில், பீரோ, மிக்சி, பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் போகும். தவணை மட்டும் போகாது.

எங்கோ பெய்த மழை

இந்தப் பகுதிக்குத் தண்ணீர் மூன்று வழியாக வருகிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் இங்கே மனை வாங்கக்கூடாது.

ஒன்று கொசஸ்தலை ஆறு. இதன் குறுக்கே 1944-ல் பூண்டி நீர்த்தேக்கம் கட்டப்பட்டது. அதன் ஆழம் 35 அடி. அது நிரம்பினால் மதகைத் திறந்துதான் ஆக வேண்டும். திறந்த தண்ணீர் தாமரைப்பாக்கம், காரனோடை, வல்லூர் வழியாக மணலி புதுநகரைத் தொட்டுக்கொண்டு எண்ணூர் கழிமுகத்துக்குப் போகிறது. 2021 நவம்பரில் பூண்டி உபரி நீர் வந்தபோது மணலி புதுநகர் வெள்ளத்தில் நின்றது.

இரண்டாவது ஆரணியாறு. இது ஆந்திராவில் பிறக்கிறது. அங்கே பிச்சாட்டூரில் ஓர் அணை இருக்கிறது. அந்த அணையிலிருந்து விடும் தண்ணீர் ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு ஏரியில் சேருகிறது. பொன்னேரிப் பக்கம் வானம் வெளுத்திருக்கும். மழை நின்றுவிட்டது என்று ஜனங்கள் துணி உலர்த்துவார்கள். ஆனால் சித்தூர்ப் பக்கம் பெய்த மழை அன்று இரவுதான் வந்து சேரும்.

மூன்றாவது கடல். பலருக்கு இது புரிவதில்லை. கடலுக்குத் தண்ணீர் போகும், கடலிலிருந்து எப்படி வரும் என்று கேட்பார்கள். ஒரு நாளைக்கு இரண்டு முறை கடல் ஏறி இறங்குகிறது. அமாவாசை, பௌர்ணமியில் அந்த ஏற்றம் அதிகம். புயல் காற்று அடித்தால் இன்னும் அதிகம். கடல் ஏறி நிற்கும் நேரத்தில் ஆற்று வெள்ளம் வந்தால் கடல் அதை வாங்கிக்கொள்ளாது. தண்ணீர் திரும்பிக் கழியிலும் வாய்க்காலிலும் ஏறும். பழவேற்காட்டு முகத்துவாரம் மணல் மூடிப் போனால் கஷ்டம் இரட்டிப்பு. மீன்பிடிப் படகுகள் போக வர முடியாது. வெள்ளமும் வெளியேற முடியாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. அது கரையேறியது ஆந்திராவில், பாபட்லா பக்கம். ஆனால் டிசம்பர் 3, 4 தேதிகளில் சென்னையையும் திருவள்ளூர் மாவட்டத்தையும் மழையில் மூழ்க அடித்துவிட்டுத்தான் போனது. அந்த வெள்ளத்தில் மணலித் தொழிற்பகுதி எண்ணெயும் கலந்தது. எண்ணூரில் வீட்டுச் சுவர்களில் கறுப்புக் கோடு விழுந்தது. படகும் வலையும் எண்ணெயில் நனைந்தன. தொழிற்சாலைக்கும் ஆற்றுக்கும் நடுவே தாழ்வான வீடு வாங்குகிறவர், வருவது வெறும் மழைத் தண்ணீர் என்று நினைத்துவிடக்கூடாது.

பழைய ஊர் மேட்டில்

இந்தக் கடற்கரையில் பழைய ஊர்களைக் கவனித்துப் பார்த்தால் ஒன்று தெரியும். கோவிலும் பழைய தெருவும் மணல் மேட்டில் இருக்கும். நெல் வயலும் ஏரியும் பள்ளத்தில் இருக்கும். தாத்தாக்கள் படம் வரைந்து பார்த்தவர்கள் அல்ல. தண்ணீர் எங்கே நிற்கும் என்று பார்த்துவிட்டுக் குடிசை போட்டவர்கள். புது ‘நகர்’கள் பலவும் அந்தப் பள்ளத்தில்தான் முளைத்திருக்கின்றன. மேட்டு நிலம் ஏற்கனவே ஊராகிவிட்டது. மிச்சம் இருந்தது அதுதான்.

ஊர்ப் பெயரே சில சமயம் காட்டிக்கொடுக்கும். தாங்கல், ஏந்தல், ஏரி என்று முடிந்தால் ஒரு காலத்தில் அங்கே தண்ணீர் தேங்கியது என்று அர்த்தம். வளைவில் எழுதிய புதுப் பெயரை விட்டுவிட்டுப் பழைய கிராமத்தின் பெயரைக் கேட்க வேண்டும்.

பழவேற்காட்டில் 17-ம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டிக் குடியிருந்தார்கள். அவர்களுடைய கல்லறைகளை இன்றும் பார்க்கலாம். அவர்கள் நாட்டில் ஏறக்குறைய கால் பகுதி கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. கரை போடக் கற்றுக்கொள்வதற்கு முன்னால் அங்கே மண்ணைக் குவித்து மேடாக்கி அதன் மேல் வீடு கட்டினார்கள். கரை போட்ட பிறகும் 1953 பிப்ரவரியில் கடல் உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. 1,836 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் பெரிய பெரிய தடுப்பு அணைகளைக் கட்டினார்கள்.

வாசற்படி இறங்குகிறது

தரையோடு தரையாகக் கட்டிய வீட்டுக்கு வெள்ளம் வராத வருடத்திலும் ஒரு தொல்லை உண்டு. வீடு அப்படியே இருக்கும். சாலை உயரும். பழைய சாலையின் மேலேயே தார் போட்டுப் போட்டு, பத்து வருடத்தில் சாலை வாசற்படிக்கு மேலே போய்விடும். முன்பு இரண்டு படி ஏறி வீட்டுக்குள் போனவர் பிறகு இரண்டு படி இறங்கிப் போவார். தெருத் தண்ணீர் எல்லாம் அவருடைய கூடத்துக்கு வரும். 2021-ல் தமிழ்நாடு தலைமைச் செயலாளர், பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுத் தார் போட வேண்டும் என்று உத்தரவு போட்டார். உத்தரவு தெருவுக்கு வந்து சேர்கிறதா என்று பார்ப்பது அந்தந்தத் தெருக்காரர்கள் பொறுப்பு. சாலை போடும் இயந்திரம் வரும் அன்று நாலு பேர் சேர்ந்து போய்க் கேட்டால் நடக்கும்.

பக்கத்து மனைக்காரரும் ஒரு காரணம். அரை கிரவுண்டு மனை 1,200 சதுர அடி. அதை மூன்றடி உயர்த்த 3,600 கன அடி மண் வேண்டும். அதாவது 36 யூனிட். பின்னால் வருகிறவர் பணம் செலவு செய்து உயர்த்திவிடுவார். முன்னால் தாழ்வாகக் கட்டியவர் வீடு குளமாகும்.

தண்ணீர் கதவு வழியாகத்தான் வரும் என்பதும் இல்லை. கழிவுநீர்த் தொட்டி நிரம்பினால் அது கழிப்பறை வழியாக மேலே வரும். வெள்ளத்துக்குப் பிறகு வீட்டுப் பெண்கள் படும் பாட்டில் இதுதான் பெரும் பாடு. மின்சாரப் பெட்டி முழங்கால் உயரத்தில் இருந்தால் உயிருக்கே ஆபத்து. உப்புத் தண்ணீர் சுவரில் ஏறினால் காரை உதிரும். உள்ளே கம்பி துருப்பிடிக்கும். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல் நீர் பல மைல் உள்ளே வந்துவிட்டது. கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்த்தாலே மனையின் கதை பாதி தெரிந்துவிடும்.

அப்படியானால் அங்கே வீடே வாங்கக்கூடாதா? வாங்கலாம். மேட்டு மனை பார்த்து வாங்கலாம். ஊர் கண்ட பெரிய வெள்ளத்தின் அளவைக் கேட்டு, அதற்கு மேல் பேஸ்மட்டம் உயர்த்திக் கட்டலாம். கையில் பணம் குறைவு என்றால் பெரிய தரை வீட்டை விடச் சிறிய மாடி வீடு நல்லது. ஆனால் விசாரிக்காமல் முன்பணம் கொடுக்கக்கூடாது.

விசாரிப்பது கஷ்டம் அல்ல. ஐப்பசி, கார்த்திகையில் ஒரு நல்ல மழை பெய்த மறுநாள் தனியாகப் போக வேண்டும். விற்கிறவரிடம் சொல்ல வேண்டாம். டீக்கடையில் உட்கார்ந்து 2015-ல் தண்ணீர் எதுவரை வந்தது, 2021-ல் எதுவரை, 2023-ல் எதுவரை என்று கேட்டால் சொல்லுவார்கள். மாடு மேய்க்கும் கிழவர் கிடைத்தால் இன்னும் நல்லது. பள்ளிக்கூடச் சுவரில் பழைய கறை தெரியும். தண்ணீர் எத்தனை நாள் நின்றது என்றும் கேட்க வேண்டும். வந்து மூன்று மணியில் வடிந்த தண்ணீர் வேறு. பத்து நாள் நின்ற தண்ணீர் வேறு.

பிறகு காகிதம். பட்டாவும் வில்லங்கச் சான்றும் எல்லோரும் பார்க்கிறார்கள். அவை மனை யாருடையது என்று சொல்லும். தண்ணீர் யாருடையது என்று சொல்லாது. கிராமக் கணக்கில் ‘அ’ பதிவேட்டையும் புலப்படத்தையும் பார்க்க வேண்டும். அந்த சர்வே நம்பரோ பக்கத்து நம்பரோ ஏரி, ஓடை, வாய்க்கால், கழுவெளி என்று இருக்கிறதா என்று தேட வேண்டும்.

‘அப்ரூவ்டு மனை’ என்ற வார்த்தையில் பலர் மயங்குகிறார்கள். 2016 செப்டம்பரில் சென்னை ஐகோர்ட்டு, அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டது. 2017-ல் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-ந் தேதிக்கு முந்திய மனைகளுக்குக் கட்டணம் கட்டி அங்கீகாரம் வாங்க வழி பிறந்தது. அந்தக் காகிதம் கிடைத்தால் மனை சட்டப்படி சரி. அதனால் பள்ளம் மேடாகிவிடாது. கடலுக்கும் கழிக்கும் பக்கத்தில் இருந்தால் கடலோர ஒழுங்குமுறைச் சட்டமும் உண்டு. கடல் ஏறும்போது தண்ணீர் தொடும் உச்சக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுப்பாடு இருக்கிறது. கழி ஓரங்களுக்கும் தனி எல்லை இருக்கிறது.

பெரிய மனைப் பிரிவுகளுக்கு இன்னொரு கடிதம் உண்டு. வெள்ள ஆபத்து பற்றி நீர்வள இலாகாவிடம் தடையின்மைச் சான்று வாங்குவார்கள். மண்ணை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்று அதில் நிபந்தனை போடுவது வழக்கம். மனை வாங்குகிறவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூட அந்தக் கடிதத்தைக் கேட்பதாகத் தெரியவில்லை. கேட்டால் கொடுக்கத் தயங்குகிறவரிடம் மனை வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

ஏற்கனவே வாங்கிவிட்டவர்கள் இன்ஷூரன்ஸ் செய்துகொள்வது நல்லது. 2021 ஏப்ரல் 1-ந் தேதி முதல் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற வீட்டு இன்ஷூரன்ஸ் இருக்கிறது. வெள்ளம், புயலால் வரும் சேதமும் அதில் சேரும். வீட்டுச் சாமான்களுக்கும் உண்டு. மண்ணின் விலைக்கு இல்லை.

பலகை எங்கே?

இவ்வளவு சொன்ன பிறகும் எல்லாப் பொறுப்பையும் வாங்குகிறவர் தலையில் கட்டுவது நியாயம் அல்ல. இரும்பு ஆலையில் இரவு வேலை பார்த்துவிட்டு வருகிறவர் பதிவேடு, புலப்படம், இலாகாக் கடிதம் என்று எத்தனை ஆபீசுக்கு அலைவார்?

சர்க்காருக்கு எல்லாம் தெரியும். ஒவ்வொரு வருடமும் மழைக்கு முன்னால் மாவட்ட நிர்வாகம் வெள்ளம் சூழும் ஊர்களின் பட்டியலைத் தயார் செய்கிறது. மிக ஆபத்தானவை எவை, ஓரளவு ஆபத்தானவை எவை என்று பிரித்தும் வைக்கிறது. படகு எங்கே நிறுத்துவது, ஜனங்களை எந்தப் பள்ளிக்கூடத்தில் தங்க வைப்பது என்பதற்கெல்லாம் அந்தப் பட்டியல் உதவுகிறது. அதே ஊரில் மனை வாங்கப் பத்திரம் எழுத வருகிறவருக்கு மட்டும் அது கண்ணில் படுவதில்லை. ஒரு இலாகா ஆபத்து என்று எழுதி வைத்த இடத்துக்கு இன்னொரு இலாகா முத்திரைக் கட்டணம் வாங்கிக்கொண்டு கிரையம் பதிவு செய்கிறது.

அந்தப் பட்டியலைத் தமிழில், பெரிய எழுத்தில், சார்பதிவாளர் அலுவலக வாசலில் மாட்ட வேண்டும். புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. 2015, 2021, 2023-ல் வெள்ளம் ஏறிய உயரத்தை ஒவ்வொரு ஊரிலும் ரேஷன் கடைச் சுவரில் பெயிண்டால் கோடு போட்டுக் காட்டலாம். மனைப் பிரிவுக்குக் கொடுத்த நீர்வள இலாகாவின் கடிதத்தைக் கிரையப் பத்திரத்தோடு சேர்க்கச் சொல்லலாம். மனை விற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். மேட்டு மனை வைத்திருக்கிறவர் முணுமுணுக்க மாட்டார்.

பொன்னேரியிலும் கும்மிடிப்பூண்டியிலும் முதலில் செய்து பார்க்கலாம். இரண்டு பலகையும் சில டப்பா பெயிண்டும் போதும். அடுத்த சித்திரையில் வேன்கள் புறப்படுவதற்கு முன்னால் பலகை மாட்டியாக வேண்டும்.