கண்ணாடிப் பெட்டிக்குள் கார் எதற்கு?

குட்வுட் ரிவைவலுக்கு நம்ம கார் பைத்தியங்களோடு போய் வந்ததிலிருந்து ஒரே சண்டை. "நூறு கோடிகளைத் தாண்டி விலைபோகும் ஃபெராரி 250 ஜிடிஓவை எவனாவது ரேஸில் விடுவானா? மியூசியத்தில் வைக்க வேண்டாமா?" என்கிறான் ஒருத்தன்.

அட ஞானசூனியமே! 1962லிருந்து 1964 வரை ரேஸுக்காகவே செய்த வண்டிடா அது, மொத்தமே 36. கதவு நசுங்கினால் தட்டி எடுக்கலாம். அந்தக் காலத்திலும் அதைத்தான் செய்தார்கள். ஓட்டாமலே போட்டு வைத்தால் சீல் எல்லாம் காய்ந்து, பெட்ரோல் பிசினாகி, எஞ்சினே இறுகிப்போகும். 12 சிலிண்டரும் சேர்ந்து கத்துவதை எந்தக் கண்ணாடிப் பெட்டி காட்டும், சொல்லுங்கள்?

அந்த ட்ராக்கின் கதையே இதுதானே. 1948ல் ஆரம்பித்து, 1966ல் ரேஸ் நின்றுபோய், 1998ல் ரிவைவல் வந்த பிறகுதான் மறுபடி உயிர் வந்தது. (பழைய காலத்து கோட்டும் தொப்பியுமாக நாங்கள் போன கூத்தைத் தனியாக எழுதுகிறேன்.)

ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஸ்டிர்லிங் மாஸின் கிராண்ட் பிரி வாழ்க்கை 1962ல் அங்கே நடந்த விபத்தோடுதான் முடிந்தது. ஓட்டுகிறவர் உயிருக்குப் பயந்தால் அதில் நியாயம் இருக்கிறது. இவன் பயப்படுவது பெயின்டுக்கு!