ஸ்கேனில் ஒன்றுமில்லை

'ஒன்றுமில்லை' என்னும் சொல்லை நம் ஊரில் இரு விதமாகச் சொல்வார்கள். விழுந்து அழும் பிள்ளையைத் தூக்கி அணைத்து 'ஒன்னுமில்லடா' என்பது ஒரு விதம். கேட்டு வந்தவரை வாசலோடு திருப்பி அனுப்ப 'ஒன்னுமில்ல' என்பது மற்றொரு விதம். அடிவயிற்று வலியோடு நாகூரிலிருந்து நாகப்பட்டினம் போய், ஸ்கேன் எடுத்துத் திரும்பும் பெண்ணிடம் சொல்லப்படும் 'ஒன்றுமில்லை' இவ்விரண்டில் எந்த விதம் என்பது நெடுநாளாக நம் மனத்தை உறுத்தும் கேள்வி.

மருத்துவர் முதற்பொருளில்தான் சொல்கிறார். கட்டியில்லை, நீர்க்கோவை இல்லை, அஞ்ச வேண்டாம் என்கிறார். அந்தச் சொல் வீடு வந்து சேர்வதற்குள் இரண்டாம் பொருளாகிவிடுகிறது. 'டாக்டரே ஒன்னுமில்லன்னுட்டாங்களே, இன்னும் என்ன?' என்று உம்மா கேட்கிறார், மாமியார் கேட்கிறார். அடுத்த மாதம் அவள் தலையணையை வயிற்றில் அழுத்திக்கொண்டு குப்புறக் கிடக்கும்போது அவ்வலிக்குச் சாட்சி சொல்ல ஒருவருமில்லை. உறை நிறைய இருக்கும் காகிதங்களோ அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்கின்றன.

இந்நிலையில் அவள் இன்னொரு மருத்துவரிடம் போக வேண்டும் என்பது நம் கருத்து. அதில் முதல் மருத்துவருக்கு அவமதிப்பு ஏதுமில்லை. குடும்பத்துக்கு வீண்செலவும் இல்லை.

ஸ்கேன் என்பது ஒரு கேள்விக்கான விடை மட்டுமே. ஒலியலைக்குத் தெரியும்படி ஏதேனும் வீங்கியிருக்கிறதா, திரண்டிருக்கிறதா என்பதே அக்கேள்வி. வலியின் காரணங்கள் எல்லாம் வீங்கித் திரண்டு நிற்பவை அல்ல. கருப்பையின் உட்படலத்தைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே, சினைப்பையிலும் குடலின் மேலும் வயிற்றின் உட்சவ்விலும் படிந்து, மாதந்தோறும் புண்ணாகும் நோய்க்கு எண்டோமெட்ரியோசிஸ் என்று பெயர். பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு, அதாவது உலகெங்கும் சுமார் 19 கோடிப் பேருக்கு, இந்நோய் உள்ளதென உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. உட்சவ்வின் மேற்பரப்பில் மட்டும் படிந்திருந்தால் வழக்கமான ஸ்கேனில் பெரும்பாலும் தெரியாது. ஆழப் படிந்தவற்றைக்கூடத் தேர்ந்த கண்ணும் உள்வழி ஸ்கேனும் இருந்தால்தான் காண முடியும். மணமாகாத பெண்ணுக்கு உள்வழி ஸ்கேன் பொதுவாகச் செய்யப்படுவதில்லை. வயிற்றின் மேல் வைத்துப் பார்ப்பதோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மாற்றாக எம்.ஆர்.ஐ. உண்டு என்பதை எடுத்துச் சொல்வாரும் அரியர். வலி தொடங்கியதிலிருந்து நோயின் பெயர் தெரிவதற்கு 4 முதல் 12 ஆண்டுகள் ஆகின்றன என்று கணக்குச் சொல்கிறார்கள். பதினைந்து வயதில் வலி தொடங்கிய பெண்ணுக்கு அவள் கையில் பிள்ளை இருக்கும் வயதில்தான் அந்தப் பெயர் கிடைக்கும். பிள்ளை இல்லையே என்று மருத்துவம் பார்க்கப் போன இடத்தில் கிடைப்பதும் உண்டு. இன்னொன்றையும் மறக்கக் கூடாது: நோயின் பரப்புக்கும் வலியின் அளவுக்கும் நேரான தொடர்பு கிடையாது. சிறு புள்ளிகள் படுத்த படுக்கையாக்கலாம். பெரும் படிவுகள் ஓசையின்றியும் இருக்கலாம்.

இந்த ஒரு நோய்தான் என்றும் நாம் சொல்லவில்லை. சிறுநீர்ப்பை, குடல், இடுப்புத் தளத்துத் தசைகள், நரம்புகள் எல்லாம் அந்த ஒரு சாண் இடத்தில்தான் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. காசநோய் நுரையீரலை விட்டுக் கருக்குழாயில் குடியேறுவதும் நம் நாட்டில் நடப்பதே. சில வேளை வலி வயிற்றுக்குள்ளேயே இராது. வயிற்றுச் சுவரின் தசையிலோ அங்குள்ள நரம்பிலோ இருக்கும். இதைக் கண்டறிய அமெரிக்க அறுவை மருத்துவர் கார்னெட் என்பவர் 1926 இல் ஓர் எளிய வழி சொன்னார். நோயாளியைப் படுக்க வைத்து, வலிக்கும் இடத்தில் விரலால் அழுத்தியபடியே தலையையும் தோளையும் சற்று உயர்த்தச் சொல்வது. வயிற்றுத் தசை இறுகும்போது வலி கூடினால், வலி பெரும்பாலும் சுவரில் இருக்கிறது. இதற்கு மின்சாரம் வேண்டாம், கருவி வேண்டாம். இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடம்தான் கிடைப்பதில்லை. வரிசையில் எழுபது பேர் காத்திருக்கையில் மருத்துவரை மட்டும் குறை சொல்லி என்ன?

நம் ஊரின் தொன்மையான கதை ஒன்று இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. தஞ்சையை ஆண்ட அச்சுதப்ப நாயக்கர் காரணம் அறியா நோயால் துன்புற்றார். எந்த வைத்தியத்துக்கும் அது கட்டுப்படவில்லை. நாகூர் ஆண்டவர் ஷாகுல் ஹமீது பாதுஷா அரண்மனைக்கு வந்து, உடலெங்கும் ஊசி குத்தப்பட்டிருந்த ஒரு புறாவைக் கண்டெடுக்கச் செய்து, ஊசிகளை ஒவ்வொன்றாக நீக்க, அரசரின் வேதனை அகன்றது என்று தர்கா வரலாறு கூறும். இன்றும் நேர்ச்சைக்குப் புறா விடும் வழக்கத்துக்கு இதையே காரணமாகச் சொல்வர். இதனை வரலாறாகக் கொள்வதும் நம்பிக்கையாகக் கொள்வதும் அவரவர் விருப்பம். நம்மைக் கவர்வது வேறு. 'அரண்மனை வைத்தியரே ஒன்றுமில்லை என்றுவிட்டாரே, உமக்கு மனக்குழப்பம்தான்' என்று அரசரிடம் எவரும் சொன்னதாகக் கதையில் இல்லை. அரசரின் வலியை எல்லாரும் நம்பினார்கள். அதனால்தான் இன்னொருவரை அழைத்தார்கள். வந்தவரும் பிறர் பார்க்காத இடத்தில் தேடினார். அரசருக்குக் கிடைத்த அந்த நம்பிக்கை, அடுப்படியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பெண்ணுக்கு ஏன் கிடைப்பதில்லை?

கிடைக்காமைக்கு நம் ஊர் வாழ்க்கையிலேயே ஒரு காரணம் உண்டு. வெளிநாட்டில் பிழைப்பவரைச் 'சபராளி' என்கிறோம். பயணம் என்னும் பொருள்படும் 'சஃபர்' அரபுச் சொல்லிலிருந்து வந்தது. பொறுமைக்கு நாம் வழங்கும் 'சபுர்' அதே மொழியின் வேறு சொல். எழுத்தும் வேரும் வேறானாலும் நம் நாவில் இரண்டும் உரசிக்கொண்டே வாழ்கின்றன. ஆணுக்குச் சஃபர், பெண்ணுக்குச் சபுர் என்று யாரோ பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டதைப் போல! சபுர் உயர்ந்த குணம், ஐயமில்லை. ஆனால் மார்க்கத்தில் நோய்க்கு மருந்து தேடுவதைப் பொறுமையின்மை என்று எவரும் சொல்லக் காணோம். நெஞ்சுவலி வந்த வாப்பாவைச் 'சபுர் செய்யுங்கள்' என்று நாம் வீட்டில் வைத்திருப்போமா? இரவோடிரவாக வண்டி பிடித்துத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோகிறோம். மகளின் வலிக்கு மட்டும் ஓதிய தண்ணீரும் சுக்குக் கஷாயமும், 'கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்' என்ற ஆறுதலும். ஆன பின் 'ஒரு புள்ள பொறந்தா சரியாயிடும்' என்பார்கள். பிறந்த பின் அதே வலியைக் குறித்து யாரிடம் போய்க் கேட்பது?

சொல்லும் ஒரு தடைதான். வலிக்குத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், பிசைவு, இழுப்பு, உளைச்சல், சுருக்கென்று தைப்பது, விண்விண்ணென்று தெறிப்பது என்று அடுக்கிக்கொண்டே போகலாம். சிறுநீர் கழிக்கையில் கடுக்கிறதா, உட்கார்ந்தால் எரிந்து நின்றால் தணிகிறதா, மலம் கழிக்கும்போது விலக்கு நாட்களில் மட்டும் குத்துகிறதா என்று ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு உறுப்பை நோக்கிக் கை நீட்டும். ஆயினும் மருத்துவர் முன்னால் இத்தனையும் சுருங்கி, 'வயித்துவலி' என்ற ஒற்றைச் சொல்லாகிவிடுகிறது. தாம்பத்திய வேளையில் ஏற்படும் வலியோ அந்த ஒற்றைச் சொல்லுக்குள்ளும் வருவதில்லை. 1938 இலேயே 'காதலா கடமையா' என்று நாவல் எழுதி, உ.வே. சாமிநாதையரின் முன்னுரையோடு வெளியிட்ட சித்தி ஜுனைதா பேகம் பிறந்த ஊர் இது. அவர் பள்ளியில் படித்ததோ மூன்றாம் வகுப்பு வரைதான். பட்டம் படித்த நம் பெண்மக்களுக்கு இடுப்புக்குக் கீழே வலிக்கிறது என்று சொல்ல இன்னும் நா எழவில்லை என்றால் வியப்பாயிருக்கிறது.

இத்தனைக்கும் மருத்துவர் கேட்கும் முதல் ஆதாரம் நம் பெண்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. தொழுகை இல்லாத நாட்கள் எவை, குளித்தது என்றைக்கு, ரமலானில் விட்டுப்போய்க் களாச் செய்ய வேண்டிய நோன்பு எத்தனை என்று மாதந்தோறும் எண்ணி வைப்பவர்கள் அவர்கள். அந்தக் கணக்கோடு வலி வந்த நாளையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு போனால் போதும். மூன்று மாதத்துத் தாள் ஒன்று, மூன்று ஸ்கேன் சொல்லாததைச் சொல்லக்கூடும்.

இரண்டாம் கருத்தின் தேவை வேறொரு திசையிலிருந்தும் வருகிறது. 'ஒன்றுமில்லை' என்பது ஒரு முனை என்றால், 'கர்ப்பப்பையை எடுத்துவிடுவோம்' என்பது மறுமுனை. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களிடையே 2019 இல் அரசு அமைத்த குழுவின் கணக்கெடுப்பில், 82,309 பெண்களில் 13,861 பேர் கருப்பை அகற்றப்பட்டவர்கள் எனத் தெரிந்தது. வேறு மாநிலங்களில் நடந்த தேவையற்ற அறுவைகள் பற்றிய பொதுநல வழக்கில், அவற்றைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை மாநிலங்கள் மூன்று மாதத்துக்குள் ஏற்க வேண்டுமென 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எண்டோமெட்ரியோசிஸ் கருப்பைக்கு வெளியே இருப்பது. கருப்பையை மட்டும் எடுத்தால் வலி போகாமலே இருக்கலாம். சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டால் முப்பத்தைந்து வயதிலேயே எலும்பு தேயத் தொடங்கும்.

சமீரா கோலி வழக்கை நம் ஊர்ப் பெண்கள் அனைவரும் அறிந்திருத்தல் நலம். 1995 இல் தில்லியில் 44 வயதான மணமாகாத பெண்மணி ஒருவர், காரணம் கண்டறிவதற்கான லேப்ராஸ்கோப்பிக்கு மட்டும் சம்மதித்து மயக்க மருந்து ஏற்றார். அவர் மயங்கிக் கிடக்கையில், வெளியே இருந்த தாயாரின் சம்மதத்தைப் பெற்றுக் கருப்பையும் சினைப்பைகளும் அகற்றப்பட்டன. 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, வயது வந்த பெண்ணின் உடல் குறித்துத் தாயார் தரும் சம்மதம் செல்லாது, பரிசோதனைக்குத் தந்த சம்மதம் அறுவைக்குத் தந்ததாகாது. மருத்துவர் நல்லெண்ணத்தோடு செய்தார் என்று ஏற்றுக்கொண்டே இதைச் சொன்னது. இழப்பீடாகக் கிடைத்தது 25,000 ரூபாய்தான். தொகை சிறிது, கொள்கை பெரிது. தாயார் சம்மதமே செல்லாதெனில், துபாயிலிருந்து வாட்ஸ்அப்பில் மாப்பிள்ளை சொல்லும் 'சரி'யின் மதிப்பு என்ன என்பதை வாசகர்களே முடிவு செய்துகொள்ளலாம்.

உரிமைகள் ஏட்டில் இருக்கின்றன. 2002 ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகளின்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவேடுகளைத் தந்தாக வேண்டும். தேசிய மனித உரிமை ஆணையம் 2018 இல் வகுத்து, நடுவண் அரசு 2019 இல் மாநிலங்களுக்கு அனுப்பிய நோயாளர் உரிமைப் பட்டயத்தில் இரண்டாம் கருத்துப் பெறும் உரிமை தனியே சொல்லப்பட்டிருக்கிறது. ஆண் மருத்துவர் பரிசோதிக்கையில் ஒரு பெண் உடனிருக்கக் கோரும் உரிமையும் அதில் உண்டு. எனவே பழைய காகிதங்களை மறைத்துவிட்டுப் புது நோயாளியைப் போல் போவதில் பொருளில்லை. அப்படிப் போனால் அதே ஸ்கேன், அதே மாத்திரை, அதே 'ஒன்றுமில்லை'. காகிதங்களை முன்வைத்து, 'இவர் இப்படிச் சொன்னார், வலி நிற்கவில்லை, வேறென்ன இருக்கலாம்?' என்று கேட்பதே முறை.

'இரண்டு மூன்றாகும், மூன்று ஐந்தாகும், ஊர் ஊராக அலைவதுதான் மிச்சம்' என்பார்கள். அந்த அச்சம் பொய்யன்று. நமக்குப் பிடித்த விடை கிடைக்கும் வரை மருத்துவரை மாற்றுவது வேறு. விடையில்லாத கேள்வியை இன்னொருவர் முன் வைப்பது வேறு. இரண்டாமவரும் முதலாமவர் சொன்னதையே, காரணத்தோடு விளக்கிச் சொன்னால் அதுவும் ஆதாயமே. செலவும் எல்லா இடத்திலும் ஒன்றாயிராது. நாகைக்கு அருகே ஒரத்தூரில் 2022 இல் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. தஞ்சாவூரில் மகளிருக்கென்றே இராசா மிராசுதார் அரசு மருத்துவமனை நெடுங்காலமாக இருக்கிறது. காலையில் புறப்பட்டால் மாலையில் திரும்பிவிடலாம். ஆனால் காய்ச்சலோடு வலி, மயக்கத்தோடு வலி, நாள் தள்ளிப்போயிருக்கையில் திடீரென வலி, இவை மூன்றுக்கும் முதல் கருத்து, இரண்டாம் கருத்து என்று காத்திருக்கக் கூடாது. கிட்டே உள்ள மருத்துவமனைக்கு அக்கணமே ஓட வேண்டும்.

துணைக்குப் போகும் நானாமார்களுக்கும் மாப்பிள்ளைமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். காகிதப் பையைச் சுமந்து செல்லுங்கள், பேருந்தில் சன்னலோர இடம் பிடித்துக் கொடுங்கள், கட்டணத்தைக் கட்டுங்கள். 'எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து?' என்று மருத்துவர் கேட்கும்போது மட்டும் நீங்கள் பதில் சொல்லாதீர்கள். அது உங்களுக்குத் தெரியாது.