குமுளிக்கு அப்பால் ஒரு தனிநாடு

இந்தியப் பெருங்கடலில் உள்ள சாகோஸ் தீவுகளை மொரீஷியஸிடம் ஒப்படைத்துவிட்டு, ராணுவத் தளமுள்ள டியாகோ கார்சியா தீவை மட்டும் 99 ஆண்டுக் குத்தகையில் வைத்துக்கொள்ளும் உடன்படிக்கையில் 2025 மே மாதம் பிரிட்டன் கையெழுத்திட்டது. கொடியை இறக்கினாலும் குத்தகையை விடாத இந்தச் சாமர்த்தியம் தேனி மாவட்டத்துக்குப் புதிதல்ல. 999 ஆண்டுக் குத்தகைத் தண்ணீரில் நாற்று நடும் ஊர் அது.

1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூரும் ஆங்கிலேய அரசும் செய்துகொண்ட ஒப்பந்தம். 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய். 1895இல் ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுவிக் அங்கே முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்தார். மேற்கே ஓடிய பெரியாறு, மலையைக் குடைந்த சுரங்கம் வழியே கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கியது. மலைமேல் சமஸ்தானம், கீழே சென்னை மாகாணம், இரண்டுக்கும் எஜமான் லண்டன். அந்த எஜமான் மூட்டை கட்டியபோதுதான் சிக்கல்.

ஆங்கிலேயர் போனதும் திருவிதாங்கூர் தனிநாடாகும் என்று 1947 ஜூனில் திவான் சர் சி.பி. ராமசுவாமி ஐயர் அறிவித்தார். பாகிஸ்தானுக்குப் பிரதிநிதியைக்கூட நியமித்தார்! டெல்லியில் மவுன்ட்பேட்டனோடு பேச்சு நடந்தது. திவான் நினைத்தது நடந்திருந்தால் மாநில எல்லையான குமுளி இன்று சர்வதேச எல்லை. ஆண்டுதோறும் ஜூன் மாதம் தேக்கடித் தலைமதகைத் திறக்கச் சொல்லித் தேனி மாவட்டக் கூடலூர் விவசாயி வெளியுறவு அமைச்சகத்துக்கு மனுப் போட்டுக் காத்திருப்பார். ஆனால், 1947 ஜூலை 25 அன்று திருவனந்தபுரத்தில் திவானுக்கு வெட்டு விழுந்தது, உயிர் பிழைத்தார். மாதம் முடிவதற்குள் மகாராஜா இந்தியாவோடு இணையச் சம்மதித்தார்.

1956இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. அணையும் அங்கேயே நின்றது. 1970இல் குத்தகை ஏக்கருக்கு 30 ரூபாயானது, மீன்பிடி உரிமை கேரளத்துக்குப் போனது. பிறகு உச்ச நீதிமன்றத்தில் கேரளம் வைத்த வாதம் ஒன்று உண்டு: 1947இல் ஆங்கிலேய மேலாட்சி போனதோடு 1886 ஒப்பந்தமும் போய்விட்டது என்பது. சி.பி.யின் தனிநாடு செத்து அறுபது ஆண்டு கழித்தும் அதன் நிழலில் ஒதுங்கிய வாதம் இது. 2014 மே 7 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை ஏற்கவில்லை. அணையில் 142 அடி வரை நீர் தேக்கலாம் என்றது. சரியான தீர்ப்பு.

ஆனால், அணைக்குக் கீழே படுத்துறங்கும் இடுக்கி மக்களின் பயத்தைக் கேலி செய்வது நமக்கு அழகல்ல. பயத்துக்கு மருந்து, அணையைப் பலப்படுத்துவது. பெரிய அணையை ஒட்டிய சிறிய ‘பேபி அணை’யைப் பலப்படுத்தும் பணிக்காக 15 மரங்களை வெட்ட 2021 நவம்பரில் அனுமதி தந்த கேரளம், சில நாள்களிலேயே அதை நிறுத்திவைத்தது. அணை பலவீனம் என்பதும், பலப்படுத்த விடாததும் எந்த ஊர் நியாயம்?

முன்பு பிரிட்டனால் சாகோஸிலிருந்து விரட்டப்பட்ட தீவு மக்களில் பலர், எங்களை யாரும் கேட்கவில்லையே என்று குமுறுகிறார்கள். 1886இலும் 1947இலும் கம்பத்து உழவரை யார் கேட்டார்கள்? 14,707 ஏக்கர் இருபோகம் அவர்களுடையது. இரு மாநில முதல்வர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்த பேச்சுவார்த்தையில் கூடலூரிலிருந்து ஒருவரையும் அணைக்குக் கீழே உள்ள வண்டிப்பெரியாற்றிலிருந்து ஒருவரையும் அருகில் உட்கார வையுங்கள்.