வார நாட்களின் சிங்கப்பூர்

ஓசூருக்கு 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. 1980ல் அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் அங்கே வண்டி செய்யத் தொடங்கின. 1987ல் டைட்டன் கடிகாரம் சந்தைக்கு வந்தது. அந்த ஆலைகளில் இளம் வயதில் சேர்ந்தவர்கள் இன்று ஓய்வு பெற்றுவிட்டார்கள். அவர்கள் படிக்க வைத்த பிள்ளைகளில் பலர் பெங்களூரு ஐடி நிறுவனங்கள் வழியாகச் சிங்கப்பூர், துபாய், மெல்போர்ன் என்று போய்க் குடும்பம் நடத்துகிறார்கள். அறுபது வயதுக்கு மேல் முதல் பாஸ்போர்ட் எடுத்துப் பேரக்குழந்தையைப் பார்க்கக் கிளம்பும் தம்பதிகள் ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் இப்போது அரிதல்ல.

போய்ச் சேர்ந்த பின் நடப்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். சனி, ஞாயிறு ஊர் சுற்றல். மெர்லயன் சிலை, மரீனா பே, செந்தோசா, இடத்துக்கு இடம் போட்டோ. திங்கள் காலை மகனும் மருமகளும் அலுவலகம் போய்விடுவார்கள், பேத்தி பள்ளிக்கூடம் போய்விடுவாள். மேல்மாடி வீட்டில் பெரியவர்கள் இருவரும் டிவியும் மட்டும். “வெளியே போகாதீங்கம்மா, வழி தெரியாது, சனிக்கிழமை நானே கூட்டிட்டுப் போறேன்” என்று சொல்லிவிட்டுத்தான் மகன் செருப்பு மாட்டுவான்.

அன்பினால் சொல்வதுதான். ஆனாலும் அது பெற்றோருக்குச் செய்யும் அநியாயம். ஒரு மாதப் பயணத்தில் வார இறுதி நாட்கள் எட்டோ பத்தோதான். மீதமுள்ள இருபது நாளும் பூட்டிய கதவுக்குள் கழிந்தால், அவர்கள் கடல் கடந்து போய்ப் பார்த்தது பிள்ளையின் வரவேற்பறையைத்தான். பிள்ளை வாழும் ஊரைத் தாங்களாகவே நடந்து பார்க்கும் உரிமை அவர்களுக்கு உண்டு.

அதற்கான தகுதி வேறு யாரையும்விட இந்தக் கர்நாடக எல்லைப் பகுதிக்காரர்களுக்கு அதிகம். வீட்டில் தெலுங்கு, கடைவீதியில் தமிழ், அத்திப்பள்ளி தாண்டினால் கன்னடம் என்று மூன்று மொழிகளைப் புழங்கியே பலர் வளர்ந்திருக்கிறார்கள். பக்கத்தில் நிற்பவர் வேறு மொழி பேசினால் இவர்களுக்குப் பயம் வராது. ஷிப்டுக்கு ஷிப்டு கம்பெனி பஸ் பிடித்து, இயந்திர வரைபடம் பார்த்து முப்பது வருடம் வேலை செய்தவருக்கு ரயில் தடங்களின் வரைபடம் பெரிய புதிர் அல்ல.

சிங்கப்பூரோ தமிழரை அன்னியராக நடத்தாத ஊர். அங்கே தமிழ் ஆட்சிமொழிகள் நான்கில் ஒன்று. எம்ஆர்டி எனும் மெட்ரோ ரயில் நிலையங்களில் தமிழ் எழுத்துகள் கண்ணில் படும். ஒவ்வொரு பேருந்து நிறுத்தத்துக்கும் ஐந்து இலக்க எண் உண்டு. ஒவ்வொரு அடுக்குமாடிக் கட்டடத்துக்கும் தனி ஆறு இலக்க அஞ்சல் குறியீடு உண்டு. இந்த இரண்டு எண்களையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டால் தொலைந்துபோவது கடினம். டாக்சிக்காரரிடம் அந்த ஆறு இலக்கத்தைக் காட்டினாலே வீட்டு வாசலில் இறக்கிவிடுவார்.

காலையில் லிட்டில் இந்தியா நிலையத்தில் இறங்கினால் தேக்கா சந்தை. கறிவேப்பிலை, வாழையிலை, முருங்கைக்காய், மீன் எல்லாம் அங்கே கிடைக்கும். செராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயிலைத் தாண்டி நடந்தால் சீனிவாசப் பெருமாள் கோயில். தைப்பூசக் காவடி புறப்படுவது இங்கிருந்துதான், போய்ச் சேருவது டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலில். கேம்பல் லேனில் 2015ல் திறந்த இந்திய மரபுடைமை நிலையம் இருக்கிறது. பசித்தால் உணவங்காடியில் ஒரு தோசை, ஒரு தே தாரிக். சாப்பிட்ட தட்டை எடுத்து உரிய இடத்தில் வைத்துவிட வேண்டும், அங்கே அது சட்டம்.

ஆனால் வார நாளில் பார்க்க வேண்டிய முதல் இடம் தாவரவியல் பூங்காதான். 1859ல் தொடங்கியது, 2015ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, நுழைவுக் கட்டணம் இல்லை. உள்ளே இருக்கும் ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் டிக்கெட். பசுமைக்குடிலில் ரோஜா வளர்த்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஓசூர்ப் பக்கத்து விவசாயிக்கு அந்த டிக்கெட் காசு வீண் போகாது. அதைவிடப் பெரிய விஷயம் அந்த மண்ணில் இருக்கிறது. 1877ல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. 1888ல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் முறையை இங்கே செம்மைப்படுத்தினார். மலாயா முழுக்க ரப்பர் நடும்படி தோட்ட முதலாளிகளை விடாமல் வற்புறுத்தினார். தோட்டங்கள் பெருகின. பால்மரம் வெட்டக் கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆள் சேர்த்தார்கள், கப்பல் கப்பலாகக் குடும்பங்கள் போயின. 1938ல் இந்திய அரசு தடை போடும்வரை இது ஓயவில்லை. மகன் எப்படிச் சிங்கப்பூர் வந்தான் என்பது அப்பாவுக்குத் தெரியும். அவனுக்கு முன்னால் வந்த தமிழர்கள் எப்படி வந்தார்கள் என்று தெரிந்துகொள்ள இந்தப் பூங்காவில் ஒரு காலைப்பொழுது போதும். சனிக்கிழமை அவசரத்தில் அதற்கு நேரம் கிடைக்காது.

மற்ற ஊர்களிலும் இப்படித் தாங்களாகவே சுற்றிப் பார்க்கலாம். துபாய் க்ரீக்கில் அப்ரா படகுக்கு ஒரு திர்ஹாம் கொடுத்தால் அக்கரைக்குப் போகலாம். மெல்போர்ன் நகர மையத்தில் டிராமுக்குக் கட்டணமே கிடையாது.

பிள்ளைகளின் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. திடீரென்று நெஞ்சு வலித்தால் என்ன செய்வது? சிங்கப்பூரில் வெளிநாட்டவருக்கு மருத்துவ மானியம் கிடையாது, செலவு மலைக்க வைக்கும். அதற்குத் தீர்வு பயணக் காப்பீடும், மருந்துச் சீட்டின் நகலும், கையில் ஒரு உள்ளூர் சிம்மும். கதவைப் பூட்டுவது தீர்வல்ல. தனியே வெளியே போக முடியாத உடல்நிலை உள்ளவர்கள் வேறு. நல்ல நடமாட்டத்தோடு இருப்பவர்களையும் அப்படி நடத்துவதுதான் தவறு.

இந்தப் பெற்றோர் ஓசூரிலிருந்து பெங்களூரு விமான நிலையம் போய்ச் சேர்வதே ஒரு பயணம். அத்திப்பள்ளி, எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு என்று பெங்களூருவைத் தெற்கிலிருந்து வடக்காகக் கடந்து தேவனஹள்ளி போக வேண்டும். ஓசூரில் 2,000 ஏக்கரில் பன்னாட்டு விமான நிலையம் அமைக்கப்படும் என்று 2024 ஜூன் 27 அன்று முதல்வர் மு.க.ஸ்டாலின் சட்டப்பேரவையில் அறிவித்தார். பெங்களூரு நிலையத்தைச் சுற்றி 150 கி.மீ.க்குள் புதிய போட்டி நிலையம் வருவதற்கு 2033 வரை ஒப்பந்தக் கட்டுப்பாடு இருப்பது பெரிய தடை. இந்த விவாதத்தில் தொழிற்சாலை, சரக்கு, முதலீடு எல்லாம் பேசப்படுகின்றன. பிள்ளையைப் பார்க்கப் போகும் முதியவர்களையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

விசாவும் தாராளமாக நாள் தருவதில்லை. சிங்கப்பூருக்குப் பார்வையாளராகப் போனால் பொதுவாக முப்பது நாள். எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதியில் இருப்பவர் பெற்றோரை நீண்டகால அனுமதியில் அழைத்துக்கொள்ள வேண்டுமானால் மாதச் சம்பளம் குறைந்தது 12,000 சிங்கப்பூர் வெள்ளி இருக்க வேண்டும். பெரும்பாலான குடும்பங்களுக்கு அது எட்டாத தொகை. கிடைக்கும் நாட்கள் கொஞ்சம் என்பதால்தான் வார நாட்களை வீணாக்கக் கூடாது.

அதற்கு மகளோ மகனோ முதல் திங்கட்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்தால் போதும். கட்டண அட்டையை அப்பா கையில் கொடுத்து அவரை முன்னே நடக்கவிட்டுப் பின்னால் போகட்டும். எந்த பஸ், எந்த நிறுத்தம், எங்கே இறங்குவது என்று அவரும் அம்மாவும் முடிவு செய்யட்டும். எதிர்த் திசையில் போகும் பஸ்ஸில் ஏறினாலும் குறுக்கிடாமல், அவர்களே கண்டுபிடித்து இறங்கும்வரை பொறுத்திருக்கட்டும். செவ்வாய்க்கிழமை முதல் அவர்கள் இருவரும் தாங்களே போய் வருவார்கள்.