ஜெயிக்காத இடத்தில் நிற்பானேன்?

"இந்த மாநிலத்தில் நின்று என்ன கண்டீர்கள்? டிபாசிட் பணம்தான் நஷ்டம். தேர்தலை விட்டுவிட்டுச் சங்க வேலையைப் பாருங்கள்!"

தேர்தல் வரும்போதெல்லாம் நமக்கு இந்த உபதேசம் நடக்கிறது. உபதேசிகளில் நல்லெண்ணம் உள்ளவர்களும் உண்டு; செங்கொடியைக் கண்டாலே ஆகாதவர்களும் உண்டு. இருவருக்கும் பதில் ஒன்றுதான்.

கணக்கை மறைக்க வேண்டிய அவசியம் நமக்கில்லை. 1957-ல் சென்னைச் சட்டசபையில் நமக்கு 4 இடம். 1962-ல் 2. 2016-ல் தமிழ்நாட்டில் ஓர் இடமும் இல்லை. 2021-ல் தி.மு.க. கூட்டணியில் நின்று, இரு கம்யூனிஸ்ட் கட்சிகளுக்கும் இரண்டிரண்டு.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1952-ல், அடக்குமுறையிலிருந்து அப்போதுதான் மீண்ட கட்சி, ஆந்திரமும் மலபாரும் சேர்ந்திருந்த சென்னை ராஜ்யத்தில் 62 இடங்களைப் பிடித்தது. தோழர் பி. ராமமூர்த்தி சிறையிலிருந்தே மதுரையில் வென்றார். காங்கிரசுக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. ஜனங்களிடம் ஓட்டுக் கேட்காத ராஜாஜி முதன்மந்திரியானார். அந்த ராஜாஜி சர்க்காரே அதே ஆண்டில் தஞ்சை சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. மனமிரங்கியா? இல்லை! வயலில் செங்கொடி, சபையில் 62 பேர். இரண்டும் சேர்ந்து நெருக்கின.

மில் நகரமான கோயம்புத்தூரைப் பாருங்கள். 1957-ல் தோழர் பார்வதி கிருஷ்ணனைப் பார்லிமெண்டுக்கு அனுப்பியது. 1962-ல் தொகுதி கைநழுவியது. 1967-ல் தோழர் கே. ரமணி வென்றார், 1971-ல் தோழர் பாலதண்டாயுதம் வென்றார். தோற்ற அன்றே கடையைக் கட்டியிருந்தால் இந்த வெற்றிகள் ஏது?

"சங்கம் மட்டும் போதும்" என்பது பாதி உண்மை. "ஓட்டு மட்டும் போதும்" என்பதும் அப்படியே. 1967-ல் மார்க்சிஸ்ட் கட்சிக்குச் சட்டசபையில் 11 பேர் இருந்தார்கள். இருந்தும் 1968 டிசம்பர் 25 அன்று வெண்மணியில் 44 உயிர்களை நிலப்பிரபுக்களின் கூட்டம் தீயிலிட்டது. சபையில் இருக்கும் கை வயலில் விழும் அடியைத் தனியே தடுக்காது. ஆனால் வயலில் கேட்ட கூலி சட்டமாவதும் சபையில்தான். விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் 1969-ல் வந்தது. அதற்கு விலை கொடுத்தவர்கள் யார் என்று கீழத்தஞ்சைக்குத் தெரியும்.

பதிவான செல்லும் ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெறாவிட்டால் டிபாசிட் போகும். போகட்டும்! ஆனால் களத்தை விட்டு நாம் விலகினால், ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருகிறவர்கள் மில் முதலாளியின் ஆளும் மிராசுதாரின் ஆளும் மட்டுமே. கூலியைப் பற்றி, போனசைப் பற்றி, குடிமனைப் பட்டாவைப் பற்றி அங்கே யார் பேசுவது?

ஆகவே நிற்போம். ஆனால் சங்கக் கிளை இல்லாத ஊரில் தேர்தலுக்கு ஒரு மாதம் முன்பு கொடி நட்டுவிட்டு ஓட்டை எதிர்பார்க்க முடியாது. ஐந்து வருஷமும் உழுதவனுக்கே அறுவடை. தோழர்களே, இன்றே மில் வாசலுக்கும் சேரிக்கும் போவோம், கிளைகளைக் கட்டுவோம்!