ஒப்பந்தத்தை மக்கள் மன்றத்தில் வைக்கட்டும்

வெளிநாட்டுத் திட்டங்களில் பங்கு முதலீடு செய்யும் சீன அரசின் பட்டுப்பாதை நிதியம் 2014 டிசம்பர் 29 அன்று பெய்ஜிங்கில் பதிவானது. அதற்கென அறிவிக்கப்பட்ட தொகை 4,000 கோடி டாலர். முதலில் வந்த 1,000 கோடியில் 650 கோடி சீனாவின் அந்நியச் செலாவணிக் கையிருப்பிலிருந்து எடுக்கப்பட்டது. சீன முதலீட்டுக் கழகமும் சீன எக்சிம் வங்கியும் தலா 150 கோடி போட்டன; மீதி 50 கோடி சீன வளர்ச்சி வங்கியினுடையது. 2017-ல் 10,000 கோடி யுவானும், 2023-ல் மேலும் 8,000 கோடி யுவானும் சேர்க்கப்படும் என்று அதிபர் ஷி ஜின்பிங் அறிவித்தார். இதற்கு முன்னோடியாக, வளர்ச்சி வங்கி 2007-லேயே தொடங்கிய சீன-ஆப்பிரிக்க வளர்ச்சி நிதியம் இருக்கிறது. பெயர்கள் பலவானாலும் பணம் புறப்படும் இடம் ஒன்றே: சீன அரசு.

இந்த நிதியங்களுக்கும் வழக்கமான கடனுக்கும் உள்ள வேறுபாடு முக்கியமானது. கடன் கொடுத்தவருக்குத் திட்டம் ஓடினாலும் படுத்தாலும் தவணை வந்தாக வேண்டும். பங்கு போட்டவருக்கு அப்படியல்ல. திட்டம் நொடித்தால் போட்ட பணமும் போகும். ஏழை நாடுகளின் பார்வையில் கடனைவிடப் பங்கே மேல். நிதியம் தொடங்கப்பட்டபோது சீன அதிகாரிகள் முன்வைத்த வாதமும் இதுதான். அந்த வாதத்தில் உண்மை இருக்கிறது.

ஆனால் முழு உண்மை இல்லை. நிதியத்தின் முதல் முதலீடு, 2015 ஏப்ரலில் பாகிஸ்தானின் ஜீலம் ஆற்றில் எழுந்த கரோட் நீர்மின் திட்டத்துக்குப் போனது. 720 மெகாவாட் திறன், ஏறத்தாழ 170 கோடி டாலர் செலவு. நிதியம் அதன் பங்குதாரர். அதே திட்டத்துக்கு எக்சிம் வங்கியும் வளர்ச்சி வங்கியும் கடன் கொடுத்த கூட்டில் நிதியமும் கடன் கொடுப்பவராக உட்கார்ந்தது. செலவில் பெரும்பகுதி கடன்தான். பங்கு மூலதனம் சிறு பகுதியே. ரஷ்யாவின் யமால் எரிவாயுத் திட்டத்திலும் இதே கதை: 9.9 சதவீதப் பங்கை வாங்கிய கையோடு, பங்கை விற்ற நோவாடெக் நிறுவனத்துக்கு 15 ஆண்டுத் தவணையில் 73 கோடி யூரோ கடனும் கொடுத்தது நிதியம்.

பாகிஸ்தானின் மின் திட்டங்களில் இன்னொரு முடிச்சும் உண்டு. மின்சாரத்தை வாங்குவது அரசு அமைப்பு. பணத்துக்கு உத்தரவாதம் தருவது அரசு. நிலையம் உற்பத்திக்குத் தயாராக இருந்தாலே, மின்சாரம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், நிலைக் கட்டணம் செலுத்தியாக வேண்டும். முதலீட்டாளரின் லாபம் டாலர் மதிப்போடு கட்டப்பட்டிருக்கிறது. ரூபாய் சரியும் ஒவ்வொரு முறையும் அந்தச் சரிவு மின் கட்டணமாக லாகூரிலும் கராச்சியிலும் வீட்டு வாசலுக்கு வந்து சேர்கிறது. இவ்வளவு பாதுகாப்போடு போடப்பட்ட பணத்தை, நஷ்டத்திலும் பங்கேற்கும் முதலீடு என்று எப்படிச் சொல்வது? பெயர் பங்கு, நடப்பு கடன்.

கடன் என்று வந்துவிட்டதால், இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைச் சரியாகப் புரிந்துகொள்வது அவசியம். துறைமுகத்தின் முதல் கட்டத்துக்கு எக்சிம் வங்கி கொடுத்தது 30.7 கோடி டாலர், வட்டி 6.3 சதவீதம். 2010 நவம்பரில் துறைமுகம் திறக்கப்பட்டது. 2012-ல் அங்கு வந்து நின்ற கப்பல்கள் 34. உலகின் பரபரப்பான கடல்வழி ஒன்று சில மைல் தொலைவில் ஓட, வெறிச்சோடிக் கிடந்தது அந்தத் துறைமுகம். 2017-ல் 112 கோடி டாலருக்கு 99 ஆண்டுக் குத்தகையாக அது சைனா மெர்ச்சண்ட்ஸ் போர்ட் நிறுவனத்திடம் போனது. கடனுக்காகச் சீனா துறைமுகத்தைப் பறித்துக்கொண்டது என்ற பேச்சு அப்போது கிளம்பி, இன்றும் ஓயவில்லை. அது சரியல்ல. கடன் கொடுத்தது ஒரு நிறுவனம், குத்தகை எடுத்தது வேறொன்று. வந்த டாலர் அந்நியச் செலாவணிக் கையிருப்பைத் தாங்கப் பயன்பட்டது. எக்சிம் கடனோ இலங்கைக் கருவூலத்தின் தலையிலேயே நின்றது. 2022 ஏப்ரலில் இலங்கை கடன் தவணைகளை நிறுத்தியபோது அதன் வெளிநாட்டுக் கடனில் மிகப் பெரிய பகுதி சர்வதேசச் சந்தையில் விற்ற பத்திரங்கள்தான். சீனக் கடன் அதற்கு அடுத்த நிலையில் இருந்தது.

பறிப்புக் கதை பொய்யென்றால் கவலைப்பட ஒன்றுமில்லை என்று பொருளல்ல. மெய்யான கேடு ரகசியம். சீன அரசு அமைப்புகள் 24 நாடுகளோடு செய்துகொண்ட 100 கடன் ஒப்பந்தங்களை எய்ட்டேட்டா ஆய்வகமும் கூட்டாளி நிறுவனங்களும் 2021-ல் ஆராய்ந்து வெளியிட்டன. அவற்றில் 2014-க்குப் பிந்தைய ஒப்பந்தம் ஒவ்வொன்றிலும் ரகசியக் காப்பு விதி இருந்தது. கடனில் பெரும்பகுதியை, மற்ற நாடுகளோடு சேர்ந்து நடத்தப்படும் கூட்டு மறுசீரமைப்புக்கு வெளியே வைக்கும் விதிகளும் இருந்தன. யாருக்கு எவ்வளவு கடன் என்பதே தெரியாத நாட்டில், நெருக்கடி வரும்போது யார் எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்ற பேச்சு தொடங்கவே மாதங்கள் கழிகின்றன. இலங்கையின் மறுசீரமைப்பில் எக்சிம் வங்கி அரசு சார்பில் கடன் கொடுத்த அமைப்பாகவும், சீன வளர்ச்சி வங்கி வணிக முறையில் கடன் கொடுத்த அமைப்பாகவும் நடத்தப்பட்டன. இரண்டுமே ஒரே அரசின் வங்கிகள். எந்தக் கடன் எந்த வரிசை என்பது கையெழுத்திடும் நாளிலேயே மக்களுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

சீனப் பணம் வேண்டாம் என்று சொல்வதற்கில்லை. மேற்கத்திய வங்கிகள் எட்டிப் பார்க்காத இடங்களில் ரயில் பாதையும் மின் நிலையமும் அந்தப் பணத்தால் எழுந்தன. லாவோஸ் 2021 டிசம்பரில் தன் முதல் நீண்ட ரயில் பாதையைப் பெற்றது. கேட்க வேண்டியது கடன் வாங்கும் அரசுகளைத்தான். கையெழுத்துக்கு முன்பு ஒப்பந்தம் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். அதில் வட்டி, உத்தரவாதம், வழக்கு நடக்கும் இடம் ஆகியவை மறைக்கப்படாமல் இருக்க வேண்டும். பங்கு என்று சொல்லி வரும் பணத்துக்கு அரசு உத்தரவாதம் கேட்கப்பட்டால், அது கடனாகவே கணக்கில் ஏற வேண்டும். நிதியங்களும் தங்கள் பங்குக்கு, உரிமையாளர், கடன் கொடுப்பவர் என்ற இரு வேடங்களை ஒரே திட்டத்தில் போடுவதை நிறுத்த வேண்டும்.

இப்படிக் கேட்டால் சீனா முகம் சுளித்துக்கொண்டு போய்விடும் என்பது ஆட்சியாளர்கள் வழக்கமாகச் சொல்லும் சாக்கு. மொம்பாசாவிலிருந்து நைரோபிக்கு எக்சிம் கடனில் போட்ட ரயில் பாதையின் ஒப்பந்தங்களைக் கென்ய அரசு ஆண்டுக்கணக்கில் மறைத்து வைத்தது. சமூக ஆர்வலர்கள் நீதிமன்றப் படியேறினார்கள். 2022 நவம்பரில் புதிய அரசு அவற்றின் ஒரு பகுதியை வெளியிட்டது. தகராறு வந்தால் சீனச் சட்டப்படி, பெய்ஜிங்கில் நடுவர் மன்றம் என்ற விதியைக் கென்ய மக்கள் அரசு வெளியிட்ட ஆவணத்திலேயே கண்டார்கள். அதற்குப் பிறகும் ரயில் ஓடுகிறது. தவணை கட்டப்படுகிறது. சீனா கென்யாவை விட்டுப் போய்விடவில்லை.