முதல் டெஸ்ட் அவருக்கு

கொஞ்சம் நீளமான இழை. குழந்தைக்காகக் காத்திருக்கிற யாராவது உங்க வீட்டில் இருந்தா, படிச்சிட்டு அவங்களுக்கும் அனுப்புங்க.

நசரத்பேட்டையில் மாலை நேர ஓபி. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்கள் ஆட்களை இறக்கிவிட்ட பிறகுதான் கூட்டம் சேரும். அப்படி ஒரு நாள் ஒரு தம்பதி வந்தாங்க. (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.)

கல்யாணமாகி நாலு வருஷம். அந்தப் பெண்ணின் கையில் தடியான ஃபைல். முட்டை வளர்ச்சி பார்த்த ஸ்கேன்கள், தைராய்டு ரிப்போர்ட், கருக்குழாய் எக்ஸ்ரே, கடைசியாக ஒரு லேப்ராஸ்கோபி.

"தம்பி, உங்க ரிப்போர்ட் எங்க?"

"எனக்கு ஒண்ணும் பிரச்சனை இல்ல சார்."

"டெஸ்ட் எடுத்தீங்களா?"

"இல்ல சார். நான் நல்லாத்தானே இருக்கேன்..."

அடுத்த வாரம் ரிப்போர்ட் வந்தது. விந்தணு எண்ணிக்கை பூஜ்யம். மறுபடி எடுத்தோம். அதேதான்.

அவரைத் திட்ட எனக்கு மனசு வரலை. நாலு வருஷத்தில் அவரிடம் யாருமே கேட்கலை. வீட்டில் கேட்கலை. பார்த்த டாக்டர்களும் கேட்கலை. வெட்கப்பட வேண்டியது முதலில் எங்கள் தொழில்தான்.

என் கருத்து இதுதான்: குழந்தை தள்ளிப்போனால், மனைவி உடம்பில் ஊசியோ கத்தியோ படும் முன்னாடி கணவரின் விந்துப் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். செலவு சில நூறு ரூபாய்தான். வலி கிடையாது, மயக்க மருந்து கிடையாது. குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கக் காரணமும் இருக்கிறது. பிறகு எதுக்கு ஒருத்தரை மட்டும் நோண்டிக்கிட்டே இருக்கணும்?

"நல்லாத்தானே இருக்கேன்" என்பதற்கு வருவோம். "ஆண்மைக் குறைவா?" என்று சுவரில் எழுதிய லாட்ஜ் வைத்தியர்கள் இரண்டு விஷயத்தை ஒண்ணாக்கி வச்சுட்டாங்க. தாம்பத்திய உறவு இயல்பாக இருப்பது வேறு, விந்தணு இருப்பது வேறு. வெளியே வரும் திரவத்தில் பெரும்பகுதி மற்ற சுரப்பிகளில் இருந்து வருவது. உள்ளே அணு இருக்கா இல்லையா என்பது மைக்ராஸ்கோப்புக்குத்தான் தெரியும்.

டெஸ்ட் எடுக்கும் முன் 2 முதல் 7 நாள் இடைவெளி வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் கீழ் அளவு ஒரு மில்லிக்கு 1.6 கோடி அணுக்கள், அசைவு 42 சதவீதம். இது பாஸ், ஃபெயில் மார்க் இல்லை. இதைவிடக் குறைவாக இருந்தும் அப்பா ஆனவர்கள் உண்டு. ஓர் அணு உருவாக ரெண்டரை மாசம் ஆகும். போன மாசம் வந்த காய்ச்சல்கூட இந்த மாச ரிப்போர்ட்டைக் கெடுக்கலாம். அதனால் ஒரு ரிப்போர்ட்டை வச்சு உடைஞ்சு போகாதீங்க. திரும்ப எடுங்க.

குறைவுன்னு வந்த உடனே பலர் ஓடுவது மருந்துக்கடைக்கு. விந்தணு பெருக்கும் சத்து மாத்திரை, மாசம் ஆயிரக்கணக்கில். 2020-இல் அமெரிக்காவில் 2,370 தம்பதிகளை வைத்து நடந்த ஆய்வு வெளியானது. கணவர்களில் பாதிப் பேருக்கு ஃபோலிக் ஆசிட், ஜிங்க். மீதிப் பேருக்கு வெறும் மாத்திரை. ஆறு மாசம் கொடுத்தார்கள். விந்தணுவின் தரமும் கூடலை, குழந்தை பிறப்பும் கூடலை. அந்தக் காசை மிச்சம் பிடிங்க.

இன்னொரு பக்கம் ஜிம். உடம்பு ஏத்தப் போடும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி விந்தணுவைக் கூட்டும்னு நினைக்கிறவங்க இருக்காங்க. நேர் எதிர். வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் மூளை "போதும்" என்று விரைகளுக்கு அனுப்பும் உத்தரவை நிறுத்திவிடும். உற்பத்தி படுத்துவிடும். ஊசியை நிறுத்தினாலும் திரும்ப மாசக்கணக்காகும்.

சரி, பூஜ்யம் என்றால் எல்லாம் முடிஞ்சுதா? இல்லை. பாதை அடைப்பா, ஹார்மோன் குறைவா, மரபணுவா என்று பார்க்கணும். அடைப்பு என்றால் உள்ளே அணு இருக்கும், எடுக்கலாம். மூளையிலிருந்து வரும் ஹார்மோன்தான் குறை என்றால் ஊசி மருந்திலேயே உற்பத்தி தொடங்க வாய்ப்பு உண்டு.

மரபணு விஷயத்தில் நம் நாட்டு ஆய்வே இருக்கிறது. ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வகத்தில் விஞ்ஞானி தங்கராஜ் குழுவினர் விந்தணு இல்லாத 340 இந்திய ஆண்களைப் பரிசோதித்து 2003-இல் வெளியிட்டார்கள். 29 பேருக்கு, அதாவது 8.5 சதவீதம் பேருக்கு, ஒய் குரோமோசோமில் ஒரு துண்டு இல்லை. எந்தத் துண்டு என்பது முக்கியம். சில இடங்கள் முழுசா போயிருந்தால் ஆபரேஷன் செய்து தேடினாலும் அணு கிடைக்காது. வேறோர் இடம் என்றால் பலருக்குக் கிடைக்கும், ஆனால் பிறக்கும் மகனுக்கும் அதே குறை போகும். ஒரு ரத்த டெஸ்ட் வீண் ஆபரேஷனையும் வீண் கடனையும் தடுக்கிறது.

2024-இல் அதே குழு எக்ஸ் குரோமோசோமில் ஒரு மரபணுவை அடையாளம் காட்டியது. ஆணுக்கு எக்ஸ் வருவது அம்மாவிடமிருந்து. உடனே மாமியாரைக் கைகாட்டக் கிளம்பிடாதீங்க. மரபணுவில் யாருக்கும் குற்றம் இல்லை. மருமகளை "மலடி" என்று சொல்லும் முன்னாடி ஒரு நிமிஷம் நாக்கைக் கட்டிக்கலாம், அவ்வளவுதான்.

இத்தனை ஆய்வுக்குப் பிறகும் கணிசமான ஆண்களுக்குக் காரணம் தெரிவதில்லை. இது உண்மை. 1992-இல் பிரஸ்ஸல்ஸில் இருந்து வந்த இக்ஸி முறையில் ஒரே ஓர் அணுவை முட்டைக்குள் செலுத்திவிட முடிகிறது. நல்ல வழிதான். ஆனால் அங்கேயும் ஊசி போட்டுக்கொள்வதும், முட்டை எடுக்க மயக்கத்தில் படுப்பதும் மனைவிதான். பிரச்சனை கணவருக்கு, சிகிச்சை மனைவிக்கு. அதனால்தான் ஆண்களுக்கான ஆய்வும் சிகிச்சையும் இன்னும் வேணும்னு கேட்கிறேன்.

அந்தப் பெண் ஓபியில் அழவில்லை. ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க: "இதை மொத வருஷமே பார்த்திருக்கலாமா சார்?"

பார்த்திருக்கலாம்மா.

பெண்ணுக்கு வயசு ஏற ஏற முட்டை குறையும். நாலு வருஷம் எந்த மருந்திலும் திரும்பி வராது. தம்பி, இதைப் படிக்கிற நீங்க இந்த வாரமே போய் டெஸ்ட் எடுங்க. முதல் ஆளா எடுங்க.